காற்றலைக் காலம் – 17: தொப்பி கழற்றாதவர்களின் குருவானவர்

கீரனூரிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். இன்னும் அஞ்சலட்டை எழுத ஆள் இருக்கிறது என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது. 1939 மே 16-ம் தேதி திருச்சி வானொலி நிலையம் பிறந்த கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுக் கேட்கிறார்: “காலையில் ரேடியோவில் பிள்ளையார் பாட்டு, அல்லா பாட்டு, ஏசு பாட்டு என்று வரிசையாகப் போடுவார்களே, சாமியை முதலில் ரேடியோவுக்குள் கூட்டி வந்தவர் யார்?”

கேள்வி சின்னது. பதிலுக்குப் புதுக்கோட்டையை விட்டு லண்டன் வரை போய்வர வேண்டும். கிளம்புவதற்கு முன் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவைப் பற்றி நாலு வரி.

எங்கள் ஊர் திருமயம் பக்கம். பஞ்சாயத்து ஆபீஸ் அறைக்குள் மரப்பெட்டி ரேடியோ பூட்டிக் கிடக்கும். அதன் குரல் மட்டும் வெளியே வேப்பமரத்தில் கட்டிய குழாய் வழியாக வரும். காலையில் பக்திப் பாட்டு ஓடும்போது மரத்தடியில் ஒருவர் பீடி பற்றவைப்பார், ஒருவர் மாட்டை அதட்டிக்கொண்டே போவார், டீக்கடை பெஞ்சில் நேற்றைய வாய்க்கால் தகராறு தொடரும். சீர்காழி கோவிந்தராஜன் முருகனைக் கூப்பிட்டாலும் சரி, நாகூர் ஹனிபா அல்லாவைக் கூப்பிட்டாலும் சரி, யாரும் பீடியை அணைத்ததில்லை, செருப்பைக் கழற்றியதில்லை. என் அப்பத்தா மட்டும் சாணி தெளித்துக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். “அப்பத்தா, இது ஏசு பாட்டு” என்று ஒருநாள் சொன்னேன். “எந்தச் சாமியா இருந்தா என்னடா, காலங்காத்தால வாசலுக்கு வந்திருக்குல்ல” என்றார்.

அந்தப் பீடியும் செருப்பும்தான் 1923-ல் லண்டனில் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது.

அந்த வருடம் ஏப்ரல் 26-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரச குடும்பத்துக் கல்யாணம். மாப்பிள்ளை, பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன். பொண்ணு, எலிசபெத். பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கம்பெனி, அதாவது பி.பி.சி., ஒலிபரப்பத் தொடங்கி அரை வருடம்கூட ஆகவில்லை. திருமண ஆராதனையை ஒலிபரப்பலாமா என்று கேட்டார்கள். ஆலய நிர்வாகம் மறுத்துவிட்டது. சொன்ன காரணம்தான் விசேஷம்: சாராயக்கடையில் உட்கார்ந்திருப்பவன் தலையில் தொப்பியோடு ஜெபத்தைக் கேட்டுவிடக்கூடுமாம். ஆங்கிலேய ஆண் ஆலயத்துக்குள் தொப்பி போடமாட்டான். நமக்குச் செருப்பு எப்படியோ அவர்களுக்குத் தொப்பி அப்படி. கேட்கிறவன் எப்படி உட்கார்ந்து கேட்கிறான் என்பதைக் கண்காணிக்க முடியாத இடத்துக்குச் சாமியின் பேச்சு போகலாமா? உள்ளே கிடந்த பயம் இதுதான்.

சிரிப்பதற்கு முன் நம் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் திருக்கோஷ்டியூரை நினைத்துக்கொள்ளுங்கள். தகுதி பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று குரு கட்டளையிட்ட மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் ராமானுஜர் என்பார்கள். கோபுரத்துக்குக் கீழே நின்ற கூட்டத்தில் யார் தலையில் முண்டாசு இருந்தது, யார் காலில் செருப்பு இருந்தது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டார்.

லண்டனில் கோபுரம் ஏறிய ஆளின் பெயர் ஹியூ ரிச்சர்ட் லாரி ஷெப்பர்ட். ஊரே ‘டிக்’ என்று கூப்பிட்டது. ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர். (ஆங்கிலிக்கன் என்றால் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ‘எஸ்.பி.ஜி. கோயில்’ என்று சொன்னால் விளங்கும். 1947 செப்டம்பர் 27-ம் தேதி அந்தச் சபையும் மெதடிஸ்ட் முதலான வேறு சில சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அதன் திருச்சி–தஞ்சை திருமண்டலத்தில்தான் புதுக்கோட்டை வருகிறது. நம் மாவட்டத்தின் புகழ்பெற்ற ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் கத்தோலிக்கம். அது வேறு கதை.)

ஷெப்பர்ட் 1880-ல் விண்ட்சரில் பிறந்தவர். அப்பாவும் குருவானவர், அதுவும் அரண்மனைக்கு வேண்டியவர். வசதிக்குக் குறைவில்லை. போயர் யுத்தத்துக்குப் போகக் கிளம்பிய இளைஞன், ரயிலடிக்குப் போகும் வழியிலேயே குதிரை வண்டி விபத்தில் கால் அடிபட்டான். நொண்டல் கடைசி வரை போகவில்லை. போருக்குப் போகிற வழியிலேயே போர் முடிந்துபோன இந்த ஆள்தான் பின்னால் போரே வேண்டாம் என்று ஊரைக் கூட்டினார். ஆஸ்துமாவும் கூடவே இருந்தது. படித்தது கேம்பிரிட்ஜில், வேலை பார்க்கப் போனது கிழக்கு லண்டனின் ஏழைச் சேரிகளுக்கு.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் பிரான்ஸில் ஓர் ஆஸ்திரேலிய ஆஸ்பத்திரிக்குப் படைக் குருவாகப் போனார். சில மாதம்தான். சாகக் கிடக்கும் பையன்களின் கட்டிலருகில் இரவெல்லாம் உட்கார்ந்ததில் உடம்பு விழுந்துவிட்டது. திரும்பி வந்ததும் அந்த நவம்பரிலேயே டிராஃபல்கர் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார்.

அந்த ஆலயத்தை நீங்கள் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. சென்னை எழும்பூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளைத் தூண்களும் உயர்ந்த கூர்கோபுரமுமாக நிற்கிறதே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம், 1821-ல் கட்டி முடித்தது, அது இந்த லண்டன் ஆலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டியதுதான். எழும்பூர்க் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

செயின்ட் மார்ட்டினுக்குப் பக்கத்தில் சேரிங் கிராஸ் ரயில் நிலையம். பிரான்ஸ் போர்முனைக்குப் போகிற, அங்கிருந்து வருகிற சிப்பாய்கள் இறங்கி ஏறும் இடம். இரவில் தங்க இடமில்லாமல் அலைவார்கள். ஷெப்பர்ட் ஆலயக் கதவைப் பூட்டுவதை நிறுத்தினார். கீழே இருந்த நிலவறையைத் திறந்துவிட்டார். சேற்றுப் பூட்ஸோடு சிப்பாய்கள் வந்து படுத்தார்கள். போர் முடிந்த பிறகு வீடில்லாதவர்கள் வந்தார்கள். ஜெபம் செய்தால்தான் படுக்கை என்ற நிபந்தனை கிடையாது. நம் ஊர்ச் சத்திரத்தில் யார் என்ன சாதி என்று கேட்டுக் கதவு திறந்த காலம் அது என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலிபரப்பின் பக்கம் வருவோம். பி.பி.சி.க்கு அப்போது தலைமை ஜான் ரீத். வயது முப்பத்துச் சொச்சம். ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் மகன். ஞாயிற்றுக்கிழமை என்றால் முகம் இறுகிப்போகும் வகை. வானொலியில் வெறும் ஜாஸ் பாட்டு ஓடுவதில் அவருக்கு இஷ்டமில்லை. 1922 டிசம்பர் 24-ம் தேதியே ஜான் மேயோ என்ற குருவானவரைக் கூட்டி வந்து பேசவைத்துவிட்டார்கள். ஆனால் அது ஸ்டூடியோவுக்குள் ஓர் ஆள் பேசிய பேச்சு. ஆலயத்துக்குள் நடக்கிற முழு ஆராதனையை, பாட்டு ஜெபம் பிரசங்கம் எல்லாவற்றோடும், அப்படியே வெளியே கொண்டுவர வேண்டும் என்பது ரீத்தின் ஆசை. பெரிய ஆலயங்கள் தயங்கின. ஷெப்பர்ட் சரி என்றார்.

1924 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை இரவு. செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில் ஒலிவாங்கி வைத்தார்கள். அங்கிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகச் சத்தம் பி.பி.சி. நிலையத்துக்குப் போய், ஸ்ட்ராண்ட் சாலையில் மார்க்கோனி ஹவுஸ் மாடியில் இருந்த ‘டூ எல் ஓ’ அலைபரப்பிக் கருவிக்குச் சென்றது. பிரிட்டனில் ஆலயத்திலிருந்து ஒலிபரப்பான முதல் ஆராதனை என்று பி.பி.சி. வரலாறு இதைத்தான் எழுதி வைத்திருக்கிறது.

கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கிரிஸ்டல் செட். பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. சின்ன தாதுக் கல்லின்மேல் ஊசி போன்ற கம்பியை நகர்த்தி நகர்த்தி வைத்துச் சரியான புள்ளியைப் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பிக்குப் பெயரே பூனை மீசை. மேசையில் யாராவது முழங்கை இடித்தால் புள்ளி தவறிப்போகும், பிரசங்கம் அறுந்துபோகும். இருந்தது ஒரே ஹெட்ஃபோன் என்றால், அதைப் பீங்கான் கிண்ணத்துக்குள் போடுவார்கள். கிண்ணம் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்க, குடும்பமே தலையை முட்டிக்கொண்டு சுற்றி உட்காரும். குழம்புக் கிண்ணத்துக்குள்ளிருந்து ஜெபம் வந்த நாட்கள் அவை.

ஷெப்பர்டின் குரல் பெரிய பிரசங்கியின் குரல் அல்ல என்கிறார்கள். அதுதான் அவருக்கு வாய்ப்பாகிப்போனது. பிரசங்க பீடத்தில் நின்று கடைசி வரிசை வரை குரலை எறியக் கற்றவர்கள் ஒலிவாங்கிக்கு முன்னாலும் எறிந்தார்கள், கிண்ணம் கிறீச்சிட்டது. இவரோ பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பேசினார். ஆயிரம் பேர் கூடியிருக்கும் ஆலயத்திலிருந்து பேசினாலும், கேட்கிறவர் எப்போதும் தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோதான் இருக்கிறார் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பாதி நாள் மூச்சுத் திணறிப் படுக்கையில் கிடந்தவர். ஞாயிற்றுக்கிழமை மணிச்சத்தம் காதில் விழ, எழுந்து போக முடியாமல் படுத்திருப்பது என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

குரலில் ஒட்டிக்கொள்ளும் இந்த நம்பிக்கை நமக்கும் பழக்கமானதுதான். 1966 வாக்கில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியைக் கேட்டே தஞ்சாவூர் விவசாயிகள் ஆடுதுறை–27 நெல்லை விதைத்தார்கள். அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் விழுந்தது. அதிகாரி வீடு தேடி வந்து சொல்லியும் அசையாதவர், முகம் தெரியாத குரல் சொன்னதும் நாற்றங்காலில் இறங்கினார்.

செயின்ட் மார்ட்டின் ஒலிபரப்பு மாதம் ஒருமுறை, இரண்டாவது ஞாயிறு என்று நிலைபெற்றது. மற்ற ஆலயங்களில் ஆராதனை நடக்கும் நேரத்தில் மோதாமல், அது முடிந்த பிறகு வைத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தே கேட்டுவிட்டால் ஆலயத்துக்கு ஆள் வராது, காணிக்கைத் தட்டில் காசு விழாது என்று புலம்பிய குருவானவர்கள் இருந்தார்கள். டி.வி. வந்தபோது டூரிங் டாக்கீஸ்காரர்கள் புலம்பிய அதே புலம்பல். ஷெப்பர்டுக்கோ கடிதங்கள் குவிந்தன. நோயாளிகள், பார்வையற்றவர்கள், முதியவர்கள், ஆலயப் பக்கமே தலைவைக்காதவர்கள். சம்பளம் வாங்கிய ஒலிபரப்பாளர் அல்ல என்றாலும், ஒரு குருவானவரின் சபை அவருடைய ஆலயச் சுவரைத் தாண்டி நாடு முழுவதும் பரவியது பிரிட்டனில் அதற்கு முன் நடந்ததில்லை. 1927 முதல் ஏழைகளுக்காக அந்த ஆலயத்தின் கிறிஸ்துமஸ் நிதி வேண்டுகோள் வானொலியில் வரத் தொடங்கியது. இன்றும் டிசம்பரில் பி.பி.சி.யில் வருகிறது.

அதே 1924-ல் நம் பக்கமும் ஒன்று நடந்தது. மே 16-ம் தேதி சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவாகி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927-ல் மூடினார்கள். கருவி சென்னை மாநகராட்சியிடம் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மறுபடி பேசியது. இதை ஏழாவது அத்தியாயத்தில் விரிவாகவே பார்த்திருக்கிறோம். தேதிகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன்: ஷெப்பர்டின் முதல் ஆராதனைக்கும் சென்னையின் முதல் ஒலிபரப்புக்கும் இடையில் ஏழு மாதம்கூட இல்லை.

1925-ல் ஒரு சம்பவம். போர் நின்ற நாளான நவம்பர் 11-ம் தேதி லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஆடம்பர நடன விருந்து வைப்பது வழக்கமாகியிருந்தது. செத்தவன் திதியன்று கச்சேரியா என்று பத்திரிகையில் எழுதினார் ஷெப்பர்ட். ரகளையாகிவிட்டது. கடைசியில் நடனத்தைத் தள்ளிவைத்து, அதே மண்டபத்தில் அன்று ஷெப்பர்டையே நினைவு ஆராதனை நடத்த வைத்தார்கள்.

1926-ல் ஆஸ்துமா முற்றிச் செயின்ட் மார்ட்டின் பொறுப்பை விட்டார். மறு வருடம், திருச்சபை தன் பகட்டையும் பதவி மோகத்தையும் உதற வேண்டும் என்று ஒரு பாதிரியாரின் பொறுமையின்மையைத் தலைப்பாக்கிப் புத்தகம் எழுதினார். மேலிடத்தில் கசந்தது, கடைகளில் விற்றது. 1929-ல் கேன்டர்பரி பேராலயத்தின் தலைமைக் குருவாக்கினார்கள். உடம்பு இடம் கொடுக்காமல் 1931-ல் அதையும் விட்டார்.

அதற்குப் பிறகு போர் எதிர்ப்பு ஒன்றுதான் அவருக்கு. 1932-ல் ஜப்பான் ஷாங்காயைத் தாக்கியபோது, மாட் ராய்டன், ஹெர்பர்ட் கிரே என்ற இரண்டு சமயப் பேச்சாளர்களோடு சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்: ஆயுதமில்லாத ஆண்களும் பெண்களும் இரண்டு படைகளுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும். பலருக்கு இது பைத்தியக்காரத்தனம். உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை ராஜாஜியோடு நடந்து தடியடி வாங்கியவர்களைப் பார்த்து இரண்டு வருடமே ஆகியிருந்த நம் ஜில்லாக்காரருக்கு அது அவ்வளவு விநோதமாகப் பட்டிருக்காது. நூற்றுக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். கப்பல் ஏறவில்லை, நாடுகளின் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பிடிகொடுக்கவில்லை.

1934 அக்டோபரில் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இனி எந்தப் போரையும் ஆதரிக்க மாட்டேன் என்று உறுதி சொல்ல விரும்பும் ஆண்கள் எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள் என்று. கூட்டம் வேண்டாம், சந்தா வேண்டாம், ஓர் அட்டை போதும். முதலில் ஆண்களை மட்டும் கேட்டார், சண்டைக்குக் கூப்பிடப்படுவது அவர்கள்தான் என்பதால். வானொலியில் அவர் குரலைக் கேட்டுக் கடிதம் எழுதிப் பழகிய நாடு அது. மூட்டை மூட்டையாக அட்டைகள் வந்து இறங்கின. 1936 முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த அட்டைகளிலிருந்து பிறந்ததுதான் பீஸ் பிளெட்ஜ் யூனியன். பெர்ட்ரண்ட் ரஸல், ஆல்டஸ் ஹக்ஸ்லி, வீரா பிரிட்டன் எல்லாம் அதில் இருந்தார்கள். ஃபிராங்க் குரோசியர் என்ற ஓய்வுபெற்ற ராணுவத் தளபதியும் இருந்தார்.

ஹிட்லரை அட்டைகளால் நிறுத்த முடியாது என்று அன்றைக்கே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அட்டை போட்டவர்களில் பலர் முதல் உலகப் போரில் சோம் நதிக்கரைச் சேற்றில் நின்று வந்தவர்கள். போர் என்றால் என்னவென்று தெரியாமல் போட்டவர்கள் இல்லை.

ஊருக்கெல்லாம் கதவு திறந்தவரின் வீட்டில் நிம்மதி இல்லை. 1937-ல் மனைவி ஆலிசன் பிரிந்து போனார். அந்த அக்டோபர் 23-ம் தேதி கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ரெக்டரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார்கள். கௌரவப் பதவிதான், ஆனால் தேர்தல் சூடாக நடக்கும். போட்டியில் வின்ஸ்டன் சர்ச்சில் இருந்தார், விஞ்ஞானி ஹால்டேன் இருந்தார். ஜெயித்தவர் ஷெப்பர்ட். எட்டே நாள். அக்டோபர் 31-ம் தேதி தன் மேசை முன்னாலேயே இறந்துகிடந்தார். வயது 57.

உடலைச் செயின்ட் மார்ட்டினில் வைத்தார்கள். பகலும் இரவுமாக வரிசை டிராஃபல்கர் சதுக்கத்தில் நெளிந்தது; ஒரு லட்சம் பேர் என்று கணக்கு. அதில் எத்தனை பேர் அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்களோ. கேன்டர்பரியில் அடக்கம் செய்தார்கள்.

இரண்டாவது உலகப் போர் வந்ததும் அவருடைய கட்சிக்காரர்களுக்கு ஒலிவாங்கி மூடிக்கொண்டது. போரை எதிர்க்கும் பிரசங்கிகளைப் பேசவிடுவதில்லை என்று பி.பி.சி. முடிவெடுத்தது, மெதடிஸ்ட் குருவானவர் டொனால்ட் சோப்பர் அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர். ஷெப்பர்ட் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் அதே கதிதான்.

1939-ல், நம் திருச்சி நிலையம் பிறந்த அதே வருடம், பி.பி.சி.யின் சமய ஒலிபரப்புக்குப் பொறுப்பாளராக ஜேம்ஸ் வெல்ச் வந்தார். அவரும் ஆங்கிலிக்கன் குருவானவர், நைஜீரியாவில் மிஷனரியாக இருந்தவர். துப்பறியும் கதை எழுதிய டோரதி சேயர்ஸிடம் போய், ஏசுவின் வாழ்க்கையை ரேடியோ நாடகமாக எழுதித் தாருங்கள் என்றார். ஏசுவுக்கு ஒரு நடிகர் குரல் கொடுப்பதா என்று நாடாளுமன்றம் வரை சண்டை போனது. அந்தச் சண்டையும், நம் பக்கம் ரேடியோவில் முருகனுக்குக் குரல் கொடுத்தவர்களும் அடுத்த இதழில். கீரனூர்க்காரர் இன்னொரு அட்டை வாங்கி வைத்திருக்கட்டும்.